பரணில் கிடக்கும் பழைய ரைஃபிளுக்கு என்ன விலை?

"வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிப்பா, ஃபாரின்ல கோடிக்குப் போவும்." ராயபுரம், சவுகார்பேட்டை, பெரம்பூர் பக்கம் பழைய வீட்டைப் பிரித்துக் காலி செய்யும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். வெள்ளைக்காரன் காலத்தது என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோடிக் கணக்குதான் தப்பு. பழைய ரைஃபிளுக்கு வயதை வைத்து விலை போடுவதில்லை. தொழிற்சாலையில் ஏற்றிய மேல்பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பாகங்கள் எல்லாம் பிறவிப் பாகங்களா, கையில் ஒழுங்கான காகிதம் இருக்கிறதா என்ற மூன்றைத்தான் வாங்குகிறவர் பார்ப்பார். மூன்றையும் கெடுப்பதில் கடல் காற்றுக்கு ஒரு பங்கு உண்டு. "சுத்தம் பண்ணி வச்சேன்" என்று கிளம்பும் கைகளுக்கு அதைவிடப் பெரிய பங்கு.

விலைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வாய்வழியே மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகளில் இது நிஜமான ஆபத்து. நூறு வருடம் கிடந்தாலும் கருமருந்து காய்ந்தே இருந்தால் வெடிக்கும் குணம் போகாது. ஒரு மெல்லிய மரக்குச்சியை வாய்ப்பக்கமாக மெதுவாக இறக்கி, நின்ற இடத்தில் குழல் வாயோடு சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சியை எடுத்துக் குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியின் முனை, மருந்து பற்றும் துளைக்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெறும் துணிப்பந்தாகவும் இருக்கலாம், குண்டும் மருந்துமாகவும் இருக்கலாம். நோண்டாதீர்கள். குதிரையை இழுத்தும் பார்க்காதீர்கள்.

வீட்டில் யார் பெயரிலும் நடப்பு லைசென்ஸ் இல்லாத நிலையில் துப்பாக்கி கிடைத்தால், அதை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கடை கடையாகக் காட்டப் போவதே குற்றம். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ அதை ஒப்படைத்து ரசீது வாங்கலாம். மதிப்பீட்டை அங்கே வைத்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

அடுத்து, அது ரைஃபிள்தானா? வடசென்னை வீடுகளில் ரைஃபிள் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி '12 போர்' (குழல் அளவின் பெயர்) ஷாட்கன்தான். டார்ச் அடித்துக் குழலுக்குள் பாருங்கள். சுருள் சுருளாக வரி ஓடினால் ரைஃபிள், கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ஷாட்கன். இதற்கு இரண்டு விலக்கு உண்டு, இரண்டிலும் ஏமாந்தவர்கள் நிறைய. ஒன்று, லண்டன் கம்பெனியான ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் விற்ற 'பாரடாக்ஸ்' வகை. கர்னல் ஃபாஸ்பெரி 1885-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. குழல் முழுக்க வழவழப்பு, வாய்ப்பக்கம் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் வரி. பின்பக்கமாகப் பார்த்துவிட்டு "சாதா ஷாட்கன்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். இன்னொன்று, 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே வரியில்லாமல் செய்து கொடுத்த என்ஃபீல்ட் துப்பாக்கி. பார்க்க 1853 மாடல் ரைஃபிள்போலவே இருக்கும், உள்ளே வரி இருக்காது. தேய்ந்துபோய்விட்டது என்று ஒதுக்குவார்கள். தேயவில்லை, செய்யும்போதே அப்படித்தான் செய்தார்கள்.

வயதைக் கணிக்கும்போது குழலின் மேல் எழுதியிருக்கும் பெயரை முதலில் நம்ப வேண்டாம். 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்றோ 'ஓக்ஸ் அண்ட் கோ, மெட்ராஸ்' என்றோ பொறித்திருந்தால் அது விற்ற கடையின் பெயர். மவுன்ட் ரோடு கடிகாரக் கடையான பி. ஆர் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. இப்படிக் கடைப் பெயரோடு இங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை பர்மிங்காம் பட்டறைகளில் செய்தவை. மெட்ராஸ் பெயர் இருப்பதால் உள்ளூர்ச் சேகரிப்பாளருக்கு ஆசை கூடும், அதற்குத் தனி விலையும் உண்டு. ஆனால் வயது அந்தப் பெயரில் இல்லை, குழலுக்கு அடியில் இருக்கிறது.

குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் உள்ள தட்டைப் பகுதியில் சோதனை முத்திரைகள் தெரியும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் தொடங்கியது. கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல், அந்த இடைவெளிகளில் எழுத்துகள் என்றிருந்தால் 1813-க்கும் 1904-க்கும் இடைப்பட்டது. கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்று வெறும் எழுத்தாக இருந்தால் 1904-க்குப் பிறகு. பி.என்.பி. என்றும் அழுத்தத்தை டன் கணக்கிலும் குறித்திருந்தால் 1954-க்குப் பிறகு. லண்டன் சோதனை என்றால் ஜி.பி. பின்னிய எழுத்தும் கிரீடத்தின் கீழ் ஒரு வி.யும் இருக்கும். பெரிய டபுள் ரைஃபிள்களில் (இரட்டைக் குழல் வேட்டை ரைஃபிள்) 'கார்டைட் 75 - 500 மாக்ஸ்' என்பதுபோல ஒரு வரி பொறித்திருப்பார்கள். 75 கிரெய்ன் (எடை அளவு) கார்டைட் என்ற புகையில்லா மருந்து, 500 கிரெய்ன் குண்டு, அதற்கு மேல் கூடாது என்று பொருள். இந்த வரியே இல்லாத பழைய 'எக்ஸ்பிரஸ்' வகை வேட்டை ரைஃபிள் கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதாக இருக்கக்கூடும். அதில் புதுத் தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

தோட்டா அளவும், அதாவது குண்டின் பருமனை அங்குலத்தில் சொல்லும் எண்ணும், நல்ல சாட்சி. .303 வந்தது 1888-இல். .416 ரிக்பி 1911, .375 ஹாலண்ட் மேக்னம் 1912. நம் நாட்டுக்கே உரிய துப்பு ஒன்றும் இருக்கிறது. ராணுவ மார்ட்டினி ரைஃபிளின் குண்டு கலகக்காரர்களுக்குப் பயன்படும் என்ற அச்சத்தில் 1907-இல் .450 அளவை இந்தியாவுக்குள் வரவிடாமல் அரசு தடுத்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் .500/.465, .470, .475 எல்லாம் இங்கே பரவின. அதனால் .450 டபுள் ரைஃபிள் பெரும்பாலும் தடைக்கு முன் வந்ததாக இருக்கும். .500/.465 ஒன்றைக் காட்டி "1890 மாடல்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கடை முகவரியும் உதவும். லண்டன் பர்டி கம்பெனித் துப்பாக்கியில் 'ஆட்லி ஹவுஸ்' என்றிருந்தால் 1880-களின் தொடக்கத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. '98 நியூ பாண்ட் ஸ்ட்ரீட்' ஹாலண்டின் முகவரியாக 1960 வரை இருந்தது, ஆகவே அது இருந்தால் மட்டும் போதாது. பெரிய லண்டன் கம்பெனிகள் தங்கள் வரிசை எண் பேரேடுகளை இன்னும் வைத்திருக்கின்றன. எண்ணை எழுதிக் கட்டணம் கட்டினால் செய்த ஆண்டும், முதலில் என்ன அளவில் செய்தார்கள் என்பதும் கிடைக்கும். அந்த ஒரு தாள் விலையைக் கணிசமாகத் தூக்கும். குழல் நீளமோ மரத்தின் அமைப்போ பிற்பாடு மாறியிருந்தால் அதையும் அதே தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

ராணுவ ரைஃபிள் என்றால் வலப்பக்கம், போல்ட்டுக்குப் பின்னால் மரக்கட்டை பொருந்தும் உலோக வளையத்தைப் பாருங்கள். கிரீடம், அரசரின் எழுத்துகள், செய்த இடம், ஆண்டு, மார்க் எண் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். விக்டோரியாவுக்கு வி.ஆர்., எட்வர்டுக்கு ஈ.ஆர்., ஜார்ஜுக்கு ஜி.ஆர். வங்காளத்து இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்ததற்கு ஜி.ஆர்.ஐ., குடியரசுக்குப் பிறகு அசோகச் சிங்கம். விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். 'வி.ஆர்.' எழுத்தும் '1907' என்ற ஆண்டும் ஒரே துப்பாக்கியில் இருந்தால் அது வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டறையில் பார்த்துச் செய்த நகல். இப்படிப்பட்ட நகல்களில் என்ஃபீல்ட் என்பதன் எழுத்து தப்பாக இருக்கும், ஆங்கில 'என்' (N) எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும், கிரீடம் கோணலாக இருக்கும். அதற்கும் சேகரிப்பாளர் உண்டு, ஆனால் அது வேறு விலை. அதைச் சுடுவது மட்டும் கூடவே கூடாது, என்ன இரும்பு என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது.

1907-இன் ராணுவ என்ஃபீல்ட் மார்க் 3 ரைஃபிளில் இடப்பக்கம் தொலைதூரக் குறிப்பார்வைத் தட்டும், தோட்டாப் பெட்டியை மூடும் தகடும் உண்டு. போர்க்காலச் சிக்கனத்தில் 1916-இல் வந்த நட்சத்திரக் குறி வகையில் இரண்டும் இல்லை. நட்சத்திரம் பொறித்த உடலில் இந்தத் தட்டு இருந்தால் பிற்பாடு மாட்டியதா என்று சந்தேகப்படுங்கள். 'டி.பி.' எழுத்து இருந்தால் கவாத்துப் பயிற்சிக்கு என்று ஒதுக்கியது, சுடத் தகுதியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மஸ்கட் (வரியில்லாத நீளத் துப்பாக்கி) என்றால் பூட்டுத் தகட்டில் நான்காகப் பிரித்த இதய வடிவக் குறி இருக்கும், 1808 வாக்கில் அது சிங்கமாக மாறியது. நிஜமான பொருளில் இந்தக் குறி எவ்வளவு ஆழமாக, எந்தச் சாய்வில் விழுந்திருக்கும் என்று கண் பழகிக்கொள்ள கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடமும் இருக்கின்றன. டிக்கெட் காசு வீண்போகாது.

பெரம்பூர் ரயில்வே குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ரைஃபிள்ஸ் என்று ஒரு தொண்டர் படை இருந்தது. அதன் கோப்பை, பெல்ட், பதக்கம் எல்லாம் வீட்டுச் சொத்தாக இருக்கலாம். ரைஃபிள் அரசாங்கச் சொத்து. கட்டையில் பதித்த பித்தளை வட்டத்தில் படையின் எழுத்தும் எண்ணும் இருந்தால், அது எப்படி வீட்டுக்கு வந்தது என்ற காகிதம் இல்லாமல் விலை பேச முடியாது. மேலும் .303 இங்கே தடைசெய்யப்பட்ட அளவு. அதனால்தான் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்தியச் சந்தைக்கென்று .315 அளவில் ரைஃபிள் செய்து அனுப்பியது. மூன்று துப்பாக்கி கூம்பாகச் சாய்த்து நிற்பது அவர்கள் வணிகச் சின்னம். உருவத்தில் ராணுவ ரைஃபிள், ஆனால் அரசர் எழுத்து இருக்காது. இஷாப்பூர் .315-உம் அப்படியே. அதன் உருவம் பழசு, வயது பழசல்ல.

இனி நிலைமை. இங்கேதான் பணம் கூடுவதும் குறைவதும்.

அமெரிக்க நேஷனல் ரைஃபிள் அசோசியேஷனின் தரவரிசையைத்தான் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் பேச்சில் பயன்படுத்துகிறார்கள். பழம்பொருள் துப்பாக்கியில் பாகங்கள் அனைத்தும் அசல், மேல்பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 'எக்ஸலன்ட்'. 30-க்கு மேல் 'ஃபைன்'. பூச்சு 30 வரைதான், ஆனால் பாகங்கள் எல்லாம் அசல் என்றால் 'வெரி குட்'. சின்னப் பாகங்கள் சில மாறியிருந்து, துரு லேசாகப் படிந்திருந்தால் 'குட்'. கவனியுங்கள், முழுக்கப் புதுப் பூச்சு அடித்துப் பளபளக்கும் துப்பாக்கிக்கு இந்த ஏணியில் மேல்படி கிடையாது. 20 சதவீத அசல் பூச்சோடு பழுப்பேறிக் கிடக்கும் துப்பாக்கி, புதுசாக நீலம் (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) ஏற்றியதைவிட அதிக விலைக்குப் போகும்.

புதுப் பூச்சைக் கண்டுபிடிக்க வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். எட்டுப் பட்டைக் குழலின் விளிம்பு விரலில் உறுத்த வேண்டும். உருண்டுபோயிருந்தால் பாலிஷ் சக்கரம் ஓடியிருக்கிறது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் அழிந்தும் இருக்கும். ஸ்க்ரூ துளையின் வாய் புனல்போல் குழிந்திருக்கும். துருக் குழியின் அடிவரை நீலம் இறங்கியிருந்தால் துரு முதலில், நீலம் பிறகு என்று அர்த்தம். மரத்தையும் விடாதீர்கள். பட்டறையில் மரத்தை இரும்பைவிட ஒரு நூல் உயரமாகவே விட்டிருப்பார்கள். விரலை இரும்பிலிருந்து மரத்துக்கு ஓட்டினால் மேலே ஏற வேண்டும். கீழே இறங்கினால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். பிடியில் உள்ள வைரக் கட்டம் கூர்கூராக இருந்து சுற்றியுள்ள மரம் மட்டும் தேய்ந்திருந்தால் கட்டத்தைத் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். நல்ல பிரிட்டிஷ் துப்பாக்கியில் ஸ்க்ரூ தலைக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும். ஒன்று மட்டும் கோணிக்கொண்டு நின்றால் யாரோ கைவைத்திருக்கிறார்.

டபுள் ரைஃபிளுக்கு ஒரு தனிச் சோதனை. டீலரிடம் குழலை மட்டும் கழற்றி, அடிக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். விரல் கணுவால் லேசாகத் தட்டினால் கோயில் மணிபோல் ஓசை நீண்டு கேட்க வேண்டும். 'டப்' என்று செத்தோ, ஜிர்ரென்று அதிர்ந்தோ கேட்டால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையின் ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. இதற்கு அடிக்கடி காரணம் நீலம் ஏற்றியதுதான். பழைய முறையில் துருவை வைத்தே மெல்ல மெல்ல நிறம் ஏற்றினார்கள், பற்றுக்கு அதனால் கெடுதல் இல்லை. இப்போதைய கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எடுத்தால் சீக்கிரமே நீலம் வந்துவிடும். அந்தக் காரம் பட்டைக்குள் புகுந்து ஈயத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இதைத் திரும்பப் பற்றவைத்துக் குழல்களின் குறியைச் சேர்த்துத் தருவது தேர்ந்த கம்மியர் வேலை, செலவு துப்பாக்கியின் விலையையே தொட்டுவிடும்.

குழலின் உட்புறம் மங்கலாகப் பனிபடர்ந்ததுபோல் இருப்பது பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தால். அதில் இருந்த குளோரேட் வெடித்தபின் உப்பாகப் படியும். கடலோரக் காற்றில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். அந்தக் காலத்தில் சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவியவர்கள் குழல் இன்றும் மின்னுகிறது. எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர்கள் குழல் குழிவிழுந்திருக்கிறது, ஏனென்றால் உப்பை எண்ணெய் கரைக்காது. உள்ளே பார்க்கும்போது கறுப்பு வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் விரலை ஓட்டினாலே சிலசமயம் தெரியும். வீக்கத்துக்கு வைத்தியம் இல்லை.

ராணுவ என்ஃபீல்டில் முன்பக்க மரத்தின் பின்முனையில் விரிசல் இருந்தால், அது பெரும்பாலும் கழற்றத் தெரியாதவர் கைவேலை. பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் சதுர நுனி, முன்மரத்தின் பின்னால் உள்ள தகட்டில் பொருந்தி நிற்கும். முன்மரத்தைக் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருகினால் சதுர நுனி சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். முதலில் முன்மரம், அப்புறம்தான் பின்கட்டை.

நம் வீட்டுப் பழக்கத்தால் வரும் சேதம் தனி. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் காய்ந்து பிசினாகி, பழுப்புப் பூச்சுபோலவே நின்றுவிடும். அதை அசல் பூச்சு என்று எண்ணுகிறவரும் உண்டு, துரு என்று தேய்த்து அதற்கு அடியிலிருந்த அசல் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடுகிறவரும் உண்டு. குழலில் வட்டவட்டமாகச் சம இடைவெளியில் துரு தெரிந்தால் அது ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டு. ஈரச் சந்தனத்தை அப்படியே காயவிட்டால் இரும்பு அங்கேயே கறுக்கும். தோல் உறையில் போட்டுப் பரணில் வைத்தது எல்லாவற்றிலும் மோசம். தோல் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை எல்லாம் குடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டி நிற்கும். உறையைத் தனியாக வையுங்கள், அதற்கும் விலை உண்டு. துப்பாக்கிக்குத் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு மெல்லிய படலமாகப் பூசினால் போதும். வாய் கீழ்நோக்கி நிறுத்துங்கள். மேல்நோக்கி நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைக்குள் இறங்கி, மரம் கறுத்து மெத்தென்றாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் மரம் நசுங்கி விரிசல் விடும்.

இனி விலை. லண்டன் ஏலத்தின் தொகையைச் செல்போனில் காட்டுவதில் பயனில்லை. நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளை 1972 சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதே 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ரைஃபிளுக்கு இங்கே வேலையும் இல்லாமல் போயிற்று. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை விற்க வந்தவர்கள் பலர், லைசென்ஸில் இடம் வைத்திருந்தவர்கள் சிலர். விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டா கிடைக்கும் அளவா என்பதும் கணக்கில் சேரும். .315 தோட்டா நம் நாட்டிலேயே தயாராகிறது. .470 அப்படி அல்ல. அதனால் சாதாரண .315 சீக்கிரம் கைமாறும், பெரிய பெயர் கொண்ட டபுள் ரைஃபிள் சரியான ஆள் வரும்வரை டீலர் பெட்டியில் காத்துக் கிடக்கும்.

"பழம்பொருள்தானே, லைசென்ஸ் எதுக்கு" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்கு. குதிரை உடைந்திருக்கிறது, ஸ்பிரிங் இல்லை என்பதெல்லாம் பழுது பார்க்கக்கூடியவை. அதை நம்பிச் சுவரில் மாட்டாதீர்கள். விலக்கு கிடைக்கட்டும் என்று குழலில் துளை போட்டு வெல்டிங் வைத்தால் சேகரிப்பு மதிப்பு அன்றோடு முடிந்தது.

லைசென்ஸ் உள்ளவர் இன்னொரு லைசென்ஸ்காரருக்கு நேரடியாக விற்கலாம். யாருக்கு விற்கிறோம் என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். மாநகருக்குள் லைசென்ஸ் விவகாரம் வேப்பேரி ஆணையர் அலுவலகம், செங்குன்றம் பக்கம் ஆவடி ஆணையரகம். தாத்தா பெயரில் இருந்த பழைய லைசென்ஸ் புத்தகம் செல்லாததானாலும் கிழிக்காதீர்கள். அதில் உள்ள வரிசை எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், அந்தத் துப்பாக்கி எத்தனை வருடம் ஒரே குடும்பத்தில் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. கடை ரசீது, மரப்பெட்டி, துடைக்கும் கம்பி, பெட்டி மூடிக்குள் ஒட்டிய கடைச் சீட்டு எல்லாம் அதோடு சேர்த்து வைக்க வேண்டியவை. கூடவே கைனாக் கம்பெனித் தோட்டா அட்டைப் பெட்டி இருந்தால், உள்ளே உள்ள தோட்டாக்களைத் துப்பாக்கியோடு சேர்த்து ஒப்படையுங்கள், அவையும் லைசென்ஸ் கணக்கில்தான் வரும். காலி அட்டையைக் குப்பையில் போடாதீர்கள், அதை மட்டும் தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.